கண்டிக்கோட்டைக்கு வேண்டியது நடைபாதை

வட பெண்ணை நதி எர்ரமலைத் தொடரை அறுத்துக்கொண்டு செல்லும் இடத்தில், சுமார் 300 அடி ஆழமுள்ள செங்குத்தான பாறைப் பிளவின் விளிம்பில் நிற்கிறது கண்டிக்கோட்டை. மாநிலங்களுக்கு ஐம்பது ஆண்டுக்கால வட்டியில்லாக் கடனாக மத்திய சர்க்கார் வழங்கும் நிதியிலிருந்து, அதன் அபிவிருத்திக்கென்று 2024-ஆம் ஆண்டு ஏறக்குறைய 78 கோடி ரூபாய் அனுமதிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேயே அவ்விடத்தில் ஓர் உயர்தர விடுதிக்கு அடிக்கல் நாட்டியாகிவிட்டது. பணம் வருவது சந்தோஷமான காரியந்தான். ராயலசீமையின் வறண்ட பிரதேசத்துக்கு எந்த ரூபத்தில் செல்வம் வந்தாலும் அதை வேண்டாமென்று சொல்ல எவருக்கும் மனம் வராது. ஆயினும், மலையின்மேல் செலவிடும் பணமெல்லாம் சிமெண்டாகவும் இரும்பாகவும் உறைந்துபோவதையே நம் நாட்டில் பெரும்பாலும் கண்டுவருகிறோம். கம்பிவடத்தில் தொங்கும் பெட்டிகள், கண்ணாடித் தளம் பதித்த பாலங்கள், வர்ண விளக்குகள் என்று, இன்று எந்த மலைவாசஸ்தலத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும் இவையே முதலில் நாவில் வருகின்றன. கண்டிக்கோட்டையை நான் அறிந்த அளவில் அதற்கு அத்தியாவசியமானவை வேறு. நன்றாகக் குறியிட்ட சில நடைபாதைகளும், அவற்றின் ஓரத்தில் நிழலும் குடிநீரும், கூட வந்து வழிகாட்ட உள்ளூர் மனிதர்களும் இருந்தால் போதும்.

நான் பங்காருபாளையத்துக்காரன். சித்தூரிலிருந்து பலமனேர் வழியாகப் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், மொகிலி மலையேற்றம் தொடங்குவதற்கு முன்னால் இருக்கிறது எங்கள் ஊர். ஆனி, ஆடி மாதங்களில் தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் மார்க்கெட் யார்டுக்கு முன்னாலும் கூழ்த் தொழிற்சாலைகளுக்கு முன்னாலும் வரிசை பிடித்து நிற்கும்போது, வெளியூர்க்காரர்கள் எங்களைச் சற்றுக் கவனிப்பார்கள். மற்றக் காலங்களில், சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் வருகிற கார்கள் ஒரு தேநீருக்காக நின்று புறப்பட்டுவிடும். சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே அமைந்துவரும் புதிய விரைவுச்சாலையும் எங்கள் மண்டலத்தின் ஊடேதான் செல்கிறது. அது முழுமையாகத் திறந்துவிட்டால் அந்தத் தேநீருக்கும் அவசியம் இராது. இப்படி விரைந்து செல்கிறவர்களில் நூற்றில் ஒருவராவது, விடுமுறையில் நான்கைந்து நாட்களை ஒதுக்கிக்கொண்டு, பலமனேரில் பெங்களூர்ச் சாலையை விட்டு வடக்கே திரும்பினால், தென்னிந்தியாவின் ஆதிப் பாறைகளினூடே, நதிகள் குடைந்த பிளவுகளையும் குகைகளையும் அருவிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டு, திருப்பதி வழியாக ஊர் திரும்பலாம் என்று எனக்கு வெகுகாலமாக ஓர் ஆசை உண்டு. பாலைநிலத்துப் பள்ளத்தாக்குகளைக் காண்பதற்காக அமெரிக்காவில் அரிசோனாவுக்கும் யூட்டாவுக்கும் செல்கிற நம்மவர்களின் படங்களை இப்போது எல்லோருடைய கைப்பேசியிலும் பார்க்கிறோம். அவர்களுள் பலர் இந்தச் சாலையில் எத்தனையோ முறை போய்வந்தவர்களாகவே இருப்பார்கள்.

அந்த மார்க்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொகிலி மலையேற்றம் நம்மைத் தக்காணப் பீடபூமியின்மீது கொண்டுபோய் விடுகிறது. பலமனேரையும் குப்பத்தையும் சுற்றியுள்ள காடுகளில்தான், 1980-களில் ஒசூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய யானைகளுக்காக, 1990-ஆம் ஆண்டு கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயம் ஏற்பட்டது. குட்டையான பசுவினத்தால் பெயர்பெற்ற புங்கனூரைத் தாண்டினால் மதனப்பள்ளி. ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊர் அது. தாகூர் 1919-ல் தங்கியிருந்து, தேசிய கீதமாகப் பின்னாளில் விளங்கிய தம் பாடலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததும் அங்கேதான். பக்கத்தில், கடப்பைக் கலெக்டராயிருந்த ஹார்ஸ்லி என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வீடு கட்டிக்கொண்ட மலை, நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் குளிர்ந்திருக்கிறது. அதன் விளிம்பிலுள்ள காற்றுப்பாறையில் நின்றால், நாம் இறங்கிச் செல்லவேண்டிய வறண்ட சமவெளி முழுவதும் செம்மண் நிறத்தில் விரிந்து கிடக்கும். ராயச்சோட்டியைக் கடந்து, குவ்வலசெருவு மலைச்சாலையில் விறகடுப்பின்மேல் அகன்ற இரும்புச் சட்டியில் பாலைக் கிண்டிக் கிண்டிச் செய்கிற பால்கோவாவை வாங்கிக்கொண்டு இறங்கினால், கடப்பை.

கடப்பையிலிருந்து வடமேற்கே செல்லச் செல்ல, நிலத்தின் சுபாவமே மாறுகிறது. சாலையின் இருமருங்கிலும் சுண்ணாம்புக்கல் பலகை பலகையாகப் பெயர்த்து அடுக்கப்பட்டிருக்கும். வேலியும் கல், தொழுவத்துச் சுவரும் கல், சில வீடுகளில் கூரையும் கல். நம் தமிழ்நாட்டு வீடுகளில் சமையலறை மேடையாகவும், அலமாரித் தட்டாகவும், கிணற்றடித் துவைகல்லாகவும் இரண்டு தலைமுறைகளாக உழைத்துவரும் கடப்பைக் கல் இந்தப் பூமியின் வயிற்றிலிருந்து வந்ததே. அன்றாடம் தொட்டுப் புழங்குகிற அந்தக் கல்லுக்கு ஒரு தாய்நிலம் உண்டு, அது இத்தனை அருகில் இருக்கிறது என்ற நினைவு தமிழ் வாசகர்களுக்கு வந்தாலே போதும், இந்தப் பிரயாணம் அந்நியமாகத் தோன்றாது. சித்தூர் மாவட்டம் 1911-ல் உருவாவதற்கு முன்பு நாங்கள் வட ஆற்காட்டைச் சேர்ந்தவர்கள்; மதனப்பள்ளியோ கடப்பையைச் சேர்ந்தது; திருத்தணி 1960 வரையில் எங்கள் மாவட்டத்தில் இருந்தது. இந்நிலப்பரப்பில் தமிழும் தெலுங்கும் ஒரே சந்தையில் புழங்கிவந்திருக்கின்றன.

ஜம்மலமடுகிலிருந்து கண்டிக்கோட்டைக்குச் செல்லும் சாலையில், நாம் ஒரு மகத்தான பள்ளத்தாக்கை அணுகுகிறோம் என்பதற்கு ஓர் அடையாளமும் தென்படாது. வேலிக்கருவையும், பாறையும், இடையிடையே ஆட்டு மந்தைகளுமாக நிலம் சாதாரணமாகக் கிடக்கும். திடீரென்று செந்நிற மதில் எதிர்ப்படும். உள்ளே போனால், இன்றும் மக்கள் வாழ்கிற ஒரு சிற்றூர். ஊரைத் தாண்டி, நாற்கோபுரம் போன்றதொரு மாடத்தையும், விசாலமான தானியக் களஞ்சியத்தையும், ஜும்மா மசூதியையும், மாதவராயர் கோயிலையும் ரங்கநாதர் கோயிலையும் பார்த்துக்கொண்டு, பாறைகளின்மேல் சிறிது தூரம் தத்திச் சென்றால், காலடியில் பூமி முடிந்துபோகும்.

அந்தப் பாறைகளைக் கொஞ்சம் குனிந்து பார்க்கவேண்டும் என்று அங்கே வருகிற ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்வேன். தச்சன் அறுத்து அடுக்கியது போன்ற சதுரச் சதுரமான செங்கற்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாய் நிற்கின்றன; இரண்டு பாறைகளுக்கு நடுவே கையகல இடைவெளியில், வெகு ஆழத்தில் நீரின் பச்சை தெரிகிறது. சில பாறைகளின் மேல்முகத்தில், கடற்கரை ஈரமணலில் அலை வடிந்தபின் காணும் நெளிவரிகளைப் போலவே வரிகள் ஓடியிருக்கும். அவை உண்மையில் அலைத்தடங்களே. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மிகப் பழைய காலத்தில், இந்த மலை ஆழமற்ற நீர்ப்பரப்பின் அடிமணலாகக் கிடந்தபோது பதிந்து, இறுகிக் கல்லாகி, உயர்ந்து, பின்பு நதியால் அறுக்கப்பட்டு, இன்று நம் விரல்நுனிக்கு அகப்படுகின்றன. முற்பகல் பத்து மணிக்கெல்லாம் அந்தக் கல் கைவைக்க முடியாதபடி சுட்டுவிடும். எதிர்க்கரைச் சுவரின் நிழல் மெல்லமெல்லச் சுருங்கிக்கொண்டே வரும். உழவாரக் குருவிகள் நமக்குக் கீழே பறக்கும். பறவையின் முதுகை மேலிருந்து காண்பது சமவெளி மனிதனுக்கு அபூர்வமான அநுபவம்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் இவற்றில் எதையும் காண்பதில்லை. அவர்கள்மேல் குற்றமும் இல்லை. வெயிலுக்கு ஒதுங்க இடமில்லை, குடிக்கத் தண்ணீர் கிடைப்பதில்லை, எந்தப் பக்கம் நடந்தால் எங்கே போய்ச் சேரலாம் என்பதும் விளங்குவதில்லை. ஆகவே வழுக்கும் ரப்பர்ச் செருப்புடன் விளிம்புப் பாறையின்மேல் ஏறி நின்று, படம் எடுத்துக்கொண்டு, கால் மணி நேரத்தில் காருக்குத் திரும்பிவிடுகிறார்கள். பாதை என்ற ஒன்று இல்லாத இடத்தில்தான் ஜனங்கள் விளிம்புக்குப் போவார்கள்; விளிம்பு ஒன்றே அங்கே கண்ணுக்குத் தெரிகிற இலக்கு. நீளமான பள்ளத்தாக்கின் கரை முழுவதும் கம்பிவேலி போடுவது சாத்தியமும் அன்று, அழகும் அன்று. பாறையின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பால் அம்புக்குறியிட்டு, விளிம்பிலிருந்து நாலு முழம் உள்ளொதுங்கிச் செல்லும் பாதை ஒன்றைக் காட்டிவிட்டால், பத்தில் ஒன்பது பேர் அதிலேயே நடப்பார்கள்.

இந்தக் கோட்டைக்கு வழி என்பது ஆதியிலிருந்தே பிரசித்தமானது. கல்யாணிச் சாளுக்கியர் காலத்தில், 1123-ஆம் ஆண்டு அவர்களின்கீழிருந்த காப்பராஜன் இக்கோட்டைக்கு அடிகோலியதாகச் சொல்வர். பிற்பாடு பெம்மசானி நாயக்கர்கள் தலைமுறை தலைமுறையாக இதனை ஆண்டார்கள். கோல்கொண்டாவின் சேனாதிபதி மீர் ஜும்லா இதைக் கைப்பற்றியபின், 1652-ல் அவனைக் காண வந்த பிரெஞ்சு ரத்தின வியாபாரி டவர்னியே, ஒருபுறம் மலையும் மறுபுறம் நதியோடும் பாதாளமுமாக, மலையை வெட்டிச் செய்த குறுகிய வழியில் ஏறிவந்த சிரமத்தைத் தம் பிரயாண நூலில் எழுதிவைத்திருக்கிறார். அவர் நடந்த வழியைத் தேடியெடுத்து, முட்புதர் நீக்கி, அதில் மனிதர் நடக்கும்படி செய்வதைவிடச் சிறந்த சரித்திரப் பாடம் வேறு என்ன இருக்கமுடியும்? மதிலை ஒட்டிச் சுற்றிவர ஒரு பாதை. பள்ளத்தாக்கின் கரையோரமாக, உதயத்தையும் அஸ்தமனத்தையும் வெவ்வேறு இடங்களில் காணும்படி ஒரு பாதை. உடல்வலிமை உள்ளவர்கள், வழிகாட்டியோடு மட்டுமே, பாறையிடுக்கின் வழியாக நீர்மட்டம் வரை இறங்கி ஏற ஒரு பாதை. இவற்றில் எதுவும் அரை நாளுக்குமேல் பிடிக்காது. பள்ளத்தாக்கின் கீழே நின்று மேலே பார்க்கிறவனுக்கே அதன் ஆழம் உடம்பில் ஏறும். மேலே நின்று கீழே பார்க்கிறவனுக்கு அது ஒரு சித்திரமாகவே இருந்துவிடுகிறது.

கண்டிக்கோட்டையை இந்தியாவின் கிராண்ட் கேன்யன் என்று விளம்பரம் செய்கிறார்கள். அளவில் இரண்டுக்கும் பொருத்தமில்லை. கொலராடோ நதி ஒரு மைல் ஆழத்துக்குக் குடைந்த பள்ளம் அது. 1919-ல் தேசியப் பூங்காவாயிற்று. ஆனால் அங்கே அவர்கள் செய்திருக்கும் ஏற்பாட்டை ஆராய்வது நமக்குப் பிரயோஜனப்படும். பிரைட் ஏஞ்சல் என்ற பாதை அங்கே புகழ்பெற்றது. அதில் இறங்குகிறவனுக்கு ஒன்றரை மைலில் ஓர் இளைப்பாறு மண்டபம், மூன்று மைலில் இன்னொன்று. பருவகாலத்தில் இரண்டிலும் குடிநீர்க் குழாய். ஒரே நாளில் நதிவரை இறங்கி ஏற முயலவேண்டாம் என்று பாதையின் தலைப்பிலேயே எச்சரிக்கிறார்கள். இறங்குவது அங்கே எளிது, ஏறுவதுதான் உயிரை வாங்கும் என்பதை அவர்கள் அநுபவத்தில் கற்றிருக்கிறார்கள். யூட்டாவிலுள்ள சயான் பள்ளத்தாக்கில், ஆண்டுக்கு நாற்பது லட்சம் பேருக்குமேல் வந்து குவிகிறபடியால், 2000-ஆம் ஆண்டிலிருந்து, பருவகாலத்தில் சொந்தக் கார்களை வெளியே நிறுத்திவிட்டு, பொதுப் பேருந்தில் ஏற்றியே உள்ளே அனுப்புகிறார்கள்.

அதே பிரைட் ஏஞ்சல் பாதையின் சரித்திரத்தில் நாம் தவிர்க்கவேண்டிய பாவம் ஒன்றும் உண்டு. முதலில் அது ஹவாசுபாய்ப் பழங்குடியினர் ஊற்றுநீரை நாடி நடந்த பாதை. பின்பு ரால்ஃப் கேமரன் என்ற தனிமனிதர் அதைச் சீர்செய்து, தலைக்கு ஒரு டாலர் சுங்கம் வாங்கினார். 1928-ல் அது பூங்கா நிர்வாகத்தின் கைக்கு வந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில், நடுவழித் தோட்டத்தில் பயிர்செய்து வாழ்ந்த பழங்குடிக் குடும்பத்தையும் அங்கிருந்து வெளியேற்றினார்கள். தொண்ணூறு ஆண்டுகளுக்குமேல் கழிந்து, 2022-ல் அந்தத் தோட்டத்துக்கு ஹவாசுபாய்த் தோட்டம் என்று பெயர் சூட்டிப் பிராயச்சித்தம் தேடினார்கள். பாதையை முதலில் மிதித்த கால்களை அப்புறப்படுத்திவிட்டு, வருஷங்கள் கழித்துப் பலகையில் பெயர் எழுதுவதனால் போன குடும்பம் திரும்பிவிடுமா?

கண்டிக்கோட்டையில் மதிலுக்குள்ளேயே ஊர் இருக்கிறது. ஆடுகளை எந்த இடுக்கில் இறக்கினால் தண்ணீருக்குப் போய்ச் சேரும் என்பதை அங்குள்ள இடையர்கள் அறிவார்கள். அபிவிருத்தியின் வேகத்தில் இந்த ஊரார் இடைஞ்சலாகக் கருதப்பட்டு, கோட்டையைச் சுத்தம் செய்வதன் பெயரால் ஒதுக்கப்பட்டுவிடுவார்களோ என்ற அச்சம் எனக்கு உண்டு. இந்த நதிக்கரையில் இடப்பெயர்ச்சி புதிதும் அன்று. ஸ்ரீசைலத்திலிருந்து கிருஷ்ணா வெள்ளநீரைக் காலேறு–நகரிக் கால்வாயின் வழியே கொண்டுவந்து தேக்கும் கண்டிக்கோட்டை நீர்த்தேக்கத்துக்காக, கொண்டாபுரம் பக்கத்துக் கிராமங்கள் வீடும் நிலமும் நீரில் மூழ்கக் கொடுத்திருக்கின்றன. வறண்ட சீமைக்குத் தண்ணீர் வந்ததை நான் குறைசொல்ல மாட்டேன். ஒரு பெரிய காரியத்துக்காக ஒருமுறை இழந்தவர்களை, உல்லாசப் பிரயாணிகளின் வசதிக்காக மறுமுறை இழக்கச் சொல்வது நியாயமாகாது.

நடைபாதை என்ற எண்ணமே மேல்நாட்டிலிருந்து வந்தது, நம் ஜனங்கள் நடக்க மாட்டார்கள், அவர்களுக்குக் கம்பிவட வண்டிதான் வேண்டும் என்று வாதிக்கிறவர்கள் உண்டு. அவர்களைத் திருப்பதிக்கு வரும்படி அழைக்கிறேன். அலிபிரியிலிருந்து 3550 படிகள். ஸ்ரீவாரி மெட்டுவிலிருந்து 2388 படிகள். பேருந்து வசதி இருந்தும், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டும், படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் இட்டுக்கொண்டும், நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் நடந்தே ஏறுகிறார்கள். அந்தப் பாதைகளில் கூரை இருக்கிறது, குடிநீர் இருக்கிறது, கழிப்பிடம் இருக்கிறது, காவல் இருக்கிறது. 2023-ல் அலிபிரிப் பாதையில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்ற துயரத்துக்குப் பிறகு, குழந்தைகளோடு செல்கிறவர்களுக்கு நேரக் கட்டுப்பாடும், கூட்டமாகச் செல்லும் ஒழுங்கும் ஏற்படுத்தினார்கள். மலைக்குமேல் இலவசப் பேருந்துகள் சுற்றிவருகின்றன. சயான் பள்ளத்தாக்கில் செய்ததற்கு ஒப்பான ஏற்பாட்டை நம் மண்ணிலேயே, அதைவிடப் பன்மடங்கு பெரிய ஜனத்திரளுக்காக, நடத்திக்காட்டிய அநுபவம் நம்மிடம் இருக்கிறது. பக்திக்காகச் செய்யத் தெரிந்ததைப் பாறைக்காகவும் நதிக்காகவும் செய்ய முடியாது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

நடக்க இயலாத முதியோருக்கும் அங்கஹீனருக்கும் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சக்கர நாற்காலி செல்லும்படி சமதளமான ஒரு காட்சிமேடையும், ஊரின் எல்லையிலிருந்து அதுவரை செல்லும் மின்கல வண்டியும் அவர்களுக்காகக் கட்டாயம் வேண்டும். ஒரு மேடை போதும். பள்ளத்தாக்கின் நெடுகிலும் தூண் நட்டுக் கம்பிவடம் இழுத்தால், அதில் செல்லும் சிலர் கண்டதை மற்ற எல்லோரும், எங்கே நின்று பார்த்தாலும், கம்பியோடு சேர்த்தே காணவேண்டியதாகிவிடும்.

கண்டிக்கோட்டையிலிருந்து வடக்கே சில மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய பேலம் குகைகளைப் பற்றி நான் நல்ல வார்த்தையும் சொல்லியாகவேண்டும். 1884-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் குறிப்பிட்டு, 1982–83-ல் ஜெர்மானியக் குகை ஆராய்ச்சியாளர்கள் அளந்து, 2002-ல் பொதுமக்களுக்காகத் திறந்த குகை அது. மூன்று கிலோமீட்டருக்குமேல் நீண்ட அந்தக் குகையில் ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுக்குப் பாதையமைத்து, விளக்கு வைத்து, காற்றை உள்ளே செலுத்தி, சாமானிய குடும்பங்கள் பயமின்றி நடந்து திரும்பும்படி சுற்றுலாத் துறை செய்திருக்கிறது. கடப்பைக் கல்லின் இனத்தைச் சேர்ந்த கரிய சுண்ணாம்புப் பாறையை, நிலத்தடி நீர் கோடிக்கால் சுவைத்துக் கரைத்த வளைவுகளைக் கையால் தடவிக்கொண்டே போகலாம். உள்ளே புழுக்கம் அதிகம், சட்டை நனைந்துவிடும், பாதாளகங்கை என்ற ஊற்று இருக்கிற ஆழம்வரை சென்றவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டுதான் திரும்புவார்கள். ஆனால் நடந்தே போகிறார்கள், நடந்தே வருகிறார்கள், யாரும் குறைசொல்வதில்லை. பூமிக்குள்ளே முடிந்தது பூமிக்குமேலே முடியாதா?

பாதை போடுவதிலும் ஓர் எச்சரிக்கை அவசியம். கடப்பையைச் சுற்றியுள்ள முட்புதர்க் காட்டைப் பார்க்கிறவர்கள் அதை உபயோகமற்ற தரிசு என்றே நினைப்பார்கள். அங்கேதான், 1900-க்குப் பிறகு எவரும் காணாமையால் அற்றுப்போயிற்று என்று எண்ணப்பட்ட ஜெர்டான் என்பாரின் பெயர் தாங்கிய கல்குருவி, உள்ளூர் வேட்டையாளரின் உதவியால் 1986-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தாருக்கு மீண்டும் அகப்பட்டது. இரவில் நடமாடி, புதருக்கும் புதருக்கும் இடைப்பட்ட வெற்றுத் தரையில் ஓடித்திரிகிற பறவை அது. புதர் மிகவும் அடர்ந்தாலும் அதற்கு ஆகாது, முழுவதும் அழிந்தாலும் ஆகாது. லங்கமலைச் சரணாலயம் அதற்காக ஏற்பட்டும், பின்னாளில் கால்வாய் வெட்டும் இயந்திரங்கள் அதன் இருப்பிடத்துக்குள் புகுந்ததுண்டு. தரிசு என்று நினைத்துப் புல்டோசரை இறக்குகிறவனுக்கு அங்கே என்ன வாழ்கிறது என்பது தெரிய நியாயமில்லை. ஆகையால் சாலையை அகலப்படுத்துவதும், வாகன நிறுத்துமிடத்துக்காக ஏக்கர் கணக்கில் நிலத்தைச் சமன் செய்வதும், கண்டிக்கோட்டையானாலும் சரி, லங்கமலையானாலும் சரி, உயிரினங்களை அறிந்தவர்கள் ஒரு மழைக்காலமும் ஒரு கோடைக்காலமும் நடந்து பார்த்தபிறகே நடக்கவேண்டும். மனிதன் நடக்கிற இரண்டடிப் பாதையால் அந்தப் பறவைக்குக் கெடுதல் குறைவு.

திரும்பும் வழியில், சேஷாசலக் காட்டுக்குள் சுமார் 270 அடி உயரத்திலிருந்து விழும் தலகோனா அருவி. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத செம்மரம் இந்தக் காடும் இதைச் சூழ்ந்த கிழக்குத் தொடர்ச்சி மலைகளும் சேர்ந்த பிரதேசத்துக்கே உரியது. பாக்ராபேட்டை வழியாகத் திருப்பதிக்கு இறங்கினால், பிரயாணத்தின் உச்சக் காட்சி, லட்சக்கணக்கானோர் கண்ணை மூடிக்கொண்டு கோவிந்த நாமம் சொல்லிக் கடந்துபோகும் மலைச்சாலையிலேயே காத்திருக்கிறது. கீழே அதிபுராதனமான கருங்கல். அதன்மேல் நேரே, கிடையாக, நகரிக் குவார்ட்சைட் பாறை. இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒரே கோட்டில், கோடி கோடி ஆண்டுகள், எந்தப் படிவமும் விட்டுவைக்காமல் மறைந்திருக்கின்றன. புவியியல் ஆய்வுத்துறை இதைத் தேசியப் புவியியல் சின்னமாகப் பேணுகிறது; மலைமேல் கோயிலுக்குச் சற்றுத் தொலைவிலுள்ள சிலாதோரணம் என்ற இயற்கையான கல்வளைவும் அப்படிப்பட்டதே. தரிசனத்துக்கு மணிக்கணக்கில் காத்திருக்கிற குடும்பங்களுக்கு, ஏறிவரும் பாதையிலேயே இந்தப் பாறைக்கோட்டின் கதையைத் தெலுங்கிலும் தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் நாலு வரியில் எழுதிவைத்தால், பக்திக்கு அதனால் குறைவு நேராது. ஏழுமலை என்று நாவினால் சொல்வது எத்தனை பழையதென்பது அறிவினாலும் விளங்கும்.

கண்டிக்கோட்டையிலும் அதே நான்கு மொழிகளில் பலகைகள் வேண்டும். கார்த்திகை முதல் மாசி வரையில் நடப்பதற்கு உகந்த காலம் என்பதையும், சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்குமேல் பள்ளத்தில் இறங்க அனுமதியில்லை என்பதையும் அவற்றில் எழுதவேண்டும். ஜம்மலமடுகிலிருந்து விடியற்காலையில் ஒரு பேருந்தும் மாலை மயங்கியபின் ஒரு பேருந்தும் ஓடினால், கார் இல்லாதவர்களும் உதயத்தையும் அஸ்தமனத்தையும் காண்பார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், ஒப்பந்தப் புள்ளிகளைக் கோருமுன்பே, அதிகாரிகள் கண்டிக்கோட்டை ஊராரைக் கூட்டி உட்காரவைத்து, எந்த இடுக்கில் இறங்கலாம், எந்தப் பாறை மழையில் வழுக்கும், அணையில் நீர் ஏறும் மாதங்களில் எதுவரை முழுகும் என்பதை அவர்கள் வாயால் கேட்டு வரைபடத்தில் குறித்துக்கொள்ளட்டும். பாதை வெட்டுகிற கூலியும், பிறகு அதில் வழிகாட்டுகிற நிரந்தர வேலையும் அவ்வூர்ப் பிள்ளைகளுக்கே என்று அந்த ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்து சேரட்டும்.